ஊதிய பிறகு: ஒரு எண்ணின் மேல் நிற்கும் வழக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் சில போன்களுக்கு ஒரே சாயல் இருக்கும். குரல் தணிந்திருக்கும். பின்னால் குக்கர் விசில் கேட்கும். பேசுகிறவர் வீட்டுக்காரர்கள் காதில் விழாமல் மொட்டை மாடிப் படியேறிக்கொண்டே பேசுவார். "சார், நேத்து நைட்டு மடக்கிட்டாங்க. ஒரே ஒரு கட்டிங்தான் சார் போட்டிருந்தேன். வண்டிய ஸ்டேஷன்ல வச்சிட்டாங்க. பத்தாயிரம் ஃபைனாம். கட்டிடட்டுமா, இல்ல எதாவது பண்ணலாமா?"

"எதாவது பண்ணலாமா" என்பதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. யாரையாவது பிடித்துச் சரிக்கட்ட முடியுமா என்பது ஒன்று. அதற்கு வக்கீல் தேவையில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சும் இல்லை. சட்டப்படி எதிர்த்து நிற்க இடம் இருக்கிறதா என்பது இன்னொன்று. அதற்கு நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஊதச் சொன்ன மெஷின் எவ்வளவு காட்டியது? அச்சடித்த சீட்டு கையில் இருக்கிறதா? பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் வராது. "ஒரே ஒரு கட்டிங்" மட்டும் மறுபடி வரும்.

சட்டத்துக்கு அந்தக் கட்டிங்கில் அக்கறை இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 185ஆவது பிரிவு, ஓட்டியவர் நிதானத்தில் இருந்தாரா, தள்ளாடினாரா, வண்டியை நேராக ஓட்டினாரா என்றெல்லாம் கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததா என்பது மட்டுமே கேள்வி. 1994இல் வந்த திருத்தம் இந்த 30ஐ உள்ளே கொண்டுவந்தது. போதைப்பொருள் என்றால் வேறு அளவுகோல்: வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்று பார்ப்பார்கள். மதுவுக்கு அது இல்லை, எண் மட்டும்தான். எனவே "நான் ஸ்டெடியாத்தான் சார் ஓட்டினேன்" என்பது கோர்ட்டில் ஒரு வாதமே இல்லை. அதே காரணத்தால், அந்த எண்ணைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பும் போலீஸ் தரப்பின் தலையில் முழுதாக விழுகிறது. இந்த வழக்கில் தற்காப்பு என்று எதைப் பேசினாலும் அது கடைசியில் எண்ணில்தான் வந்து நிற்கும்.

30 எவ்வளவு சிறிய எண் என்று போட்டுப் பார்க்கலாம். கட்டிங் என்பது குவார்ட்டரில் பாதி, 90 மில்லி. டாஸ்மாக் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் 42.8 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால், அதற்குள் சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் அது முழுதும் கலந்தால் 100 மில்லி ரத்தத்துக்குத் தோராயமாக 70 மில்லிகிராம் வரும். அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு பெரிய பீர், 650 மில்லி, 5 சதவீதம் என்றால் 60ஐத் தொடும். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். ஆக அந்த ஒரே ஒரு கட்டிங் 30க்குக் கீழே இறங்க மூன்று மணி நேரம் ஆகும். சாப்பிட்டிருந்தால், எடை கூடுதலாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பிரியாணி சாப்பிட்டதும், மோர் குடித்ததும், பாக்கு போட்டதும் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆல்கஹாலை ஒன்றும் செய்யாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கடையை நடத்துவதும் அரசு, பத்து மணிக்குக் கடையை மூடிய கையோடு அடுத்த திருப்பத்தில் தடுப்பு வைத்து நிற்பதும் அரசு. கடை வாசலில் நிற்கும் பைக்குகளை எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கின் பெயரே தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு என்பதுதான். ஆனால் "நீங்கள்தானே விற்றீர்கள்" என்பது மேடையில் கைதட்டல் வாங்கும், மாஜிஸ்திரேட் முன்னால் எடுபடாது.

சரி, அந்த எண் எப்படி வருகிறது? மெஷின் ரத்தத்தைப் பார்ப்பதில்லை, மூச்சை அளந்து ரத்தத்தைக் கணக்கிடுகிறது. நுரையீரலின் ஆழத்தில் ரத்தமும் காற்றும் உரசும் இடத்தில் ஆல்கஹால் ஒரு விகிதத்தில் காற்றுக்குத் தாவுகிறது. 2,100 பங்கு மூச்சில் இருக்கும் ஆல்கஹால் ஒரு பங்கு ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற சராசரியை வைத்துக்கொண்டு கருவி பெருக்கிச் சொல்கிறது. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், காய்ச்சலில் மாறும், ஒரே ஆளுக்கே குடித்த முதல் அரைமணியில் ஒன்றாகவும் இரண்டு மணி நேரம் கழித்து வேறாகவும் இருக்கும். "இன்னும் கொஞ்சம் ஊது, இன்னும், இன்னும்" என்று போலீஸ்காரர் விடாமல் சொல்வது வதைக்க இல்லை. ஆழத்து மூச்சு வந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

வாய்க்குள் தங்கியிருக்கும் ஆல்கஹால் இன்னொரு சிக்கல். கடைசி மடக்கைக் குடித்துவிட்டு உடனே வண்டியை எடுத்து அடுத்த சிக்னலில் ஊதினால், கருவி அளப்பது நுரையீரலை அல்ல, நாக்கையும் ஈறையும். மவுத்வாஷ் கொப்பளித்தாலும் இதே கதை, ஏப்பம் விட்டு வயிற்றில் இருப்பது மேலே வந்தாலும் இதே கதை. அதனால்தான் 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதச் சொல்வது நல்ல நடைமுறை என்று உலகமெங்கும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தடுப்பில் பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும்போது யார் 15 நிமிடம் காத்திருப்பார்கள்?

தசமூலாரிஷ்டம் குடித்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், அரிஷ்டங்களில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. பத்து சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வேளைக்கு 30 மில்லி குடித்தவர் ரத்தத்தில் ஏறுவது ஆறு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் குடித்த வாயோடு ஊதினால் கருவி பெரிய எண்ணைக் காட்டக்கூடும். கால் மணி நேரம் கழித்து ஊதினால் இறங்கிவிடும். அப்படிப்பட்டவர் அங்கேயே "சார், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன்" என்று கேட்டிருந்தால் வழக்கே இருந்திருக்காது. இரண்டு மாதம் கழித்துக் கோர்ட்டில் சொன்னால் அது கதை. சர்க்கரை நோயாளிகளின் மூச்சில் வரும் அசிட்டோன் பற்றியும் இணையத்தில் நிறைய எழுதுகிறார்கள். பழைய குறைகடத்தி வகைக் கருவிகளுக்கு அந்தக் குழப்பம் உண்டு, மின்வேதி முறையில் அளக்கும் கருவிகள் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. எந்த மாடல் என்று தெரியாமல் அந்த வாதத்தைத் தொடக் கூடாது.

இவையெல்லாம் எண் 32, 38, 41 என்று இருக்கும்போது பேச வேண்டியவை. சீட்டில் 160 என்று இருந்தால் விகிதமும் ஏப்பமும் எங்கே போய் நிற்கும்? அந்தக் கட்சிக்காரரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை.

எண்ணைத் தாண்டி, அதை எடுத்த விதத்துக்கும் சட்டம் படிப்படியாக விதி வைத்திருக்கிறது. ஊதச் சொல்பவர் சீருடையில் இருக்க வேண்டும், அல்லது போக்குவரத்துத் துறை அதிகாரியாக இருக்க வேண்டும். பயன்படுத்தும் கருவி, மத்திய அரசு அரசிதழில் அறிவித்து ஒப்புதல் தந்த வகையாக இருக்க வேண்டும். கருவி ஆல்கஹால் இருப்பதாகக் காட்டினாலோ, ஊத மறுத்தாலோ வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். கைதானவருக்கு ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203ஆவது பிரிவு சொல்கிறது. இந்த வாய்ப்பைப் பற்றி ஸ்டேஷனில் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்து 204: பதிவு பெற்ற மருத்துவர் ரத்தம் எடுக்கலாம், அது அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ரத்தம் கொடுப்பவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால் இன்னொரு பெண் கூட இருந்தே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் 202ஆவது பிரிவின் நிபந்தனை. 185இல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். மணிக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்த இரண்டு மணி நேரம் ஏன் என்பது புரியும். வழக்கே கரைந்துகொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றியது.

"ஊதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?" இதைக் கேட்காத ஆளே இல்லை. அரசியல் சாசனத்தின் 20(3), தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறதே என்று கொஞ்சம் படித்தவர்கள் கேட்பார்கள். 1961இலேயே கதி காலு ஓகட் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து இதற்கு விடை சொல்லிவிட்டார்கள். கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைத் தருவது சாட்சியம் சொல்வதாகாது. மூச்சும் ரத்தமும் அந்த வரிசையில்தான் சேரும். தவிர, 205ஆவது பிரிவு மறுத்தவருக்கு எதிராகவே திரும்பும். தக்க காரணம் இல்லாமல் ஊதவோ ரத்தம் தரவோ மறுத்தார் என்று நிரூபணமானால், போலீஸ் தரப்புச் சாட்சியத்துக்கு அந்த மறுப்பையே வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா மாதிரி உண்மையான காரணம் இருந்தால், மூச்சு போதவில்லை, ரத்தம் தருகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. மறுத்துவிட்டு வீடியோவில் சண்டை போட்டவர்களின் வழக்குகளில் அந்த வீடியோவே சாட்சியாகிவிடும்.

எண் இல்லாத வழக்கு எப்படி விழும் என்பதற்கு 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுவோம். மகாராஷ்டிர வழக்கு அது. மருத்துவர் பார்த்தார், மது வாடை இருந்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, கண்மணி விரிந்திருந்தது. ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. வாடையும் தள்ளாட்டமும் மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்றது நீதிமன்றம். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த வரி உயிரோடு இருக்கிறது. 1994 வாசகத்தில் மூச்சுக் கருவியின் பெயர் மட்டுமே இருந்ததால், ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா என்று ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. 2019 திருத்தம் ஆய்வகச் சோதனை உட்பட வேறு எந்தச் சோதனையும் செல்லும் என்று சேர்த்து அந்தக் கதவை மூடிவிட்டது.

எண் இருந்தும், அது வந்த வழி சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த வழக்கு ஒன்று இருக்கிறது. 2002 செப்டம்பர் 28 அதிகாலை மும்பை பாந்த்ராவில் கார் நடைபாதையில் ஏறி ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயமடைந்தார்கள். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் நடிகர் சல்மான் கான். ஆய்வக அறிக்கை 62 மில்லிகிராம் என்றது, அளவைவிட இரண்டு மடங்கு. செஷன்ஸ் கோர்ட் 2015 மே மாதம் ஐந்தாண்டு தண்டனை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 10இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரணங்கள் பல, ஓட்டியது அவர்தானா என்பதிலேயே சந்தேகம் என்றது தீர்ப்பு. அதில் ஒரு காரணம் ரத்தக் குப்பி. மருத்துவமனையில் எடுத்ததாகச் சொன்னது 6 மில்லி, ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ 4 மில்லி. நடுவில் எங்கே இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதற்கெல்லாம் நிறைவான பதில் இல்லை. தீர்ப்பு சரியா என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு, சீல், நேரம், கைமாறிய பதிவேடு ஆகிய சாதாரண விஷயங்களில் ஒரு வழக்கு சரியக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை.

டெல்லியில் 1999 ஜனவரி 10 விடியற்காலை பி.எம்.டபிள்யூ. கார் மோதி ஆறு பேர் இறந்த சஞ்சீவ் நந்தா வழக்கு எதிர்த்திசையில் போனது. ரத்தத்தில் 0.115 சதவீதம், அதாவது 115 மில்லிகிராம். பதிமூன்று ஆண்டு கழித்து 2012இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றே உறுதி செய்தது. ஆள் இறந்துவிட்டால் 185 ஒரு மூலையில் ஒதுங்கிவிடும், வழக்கு வேறு உலகத்துக்குப் போய்விடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304, 304ஏ இருந்த இடத்தில் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 105, 106. அங்கே பேச்சு ஆயுள், பத்தாண்டு, ஐந்தாண்டு என்ற அளவில் நடக்கும். 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்த வழக்கில், ஓட்டியதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயதுப் பையனின் ரத்த மாதிரியையே மருத்துவமனையில் மாற்றிவிட்டார்கள் என்று போலீஸ் குற்றம் சாட்டி மருத்துவர்களைக் கைது செய்தது. குப்பியைக் கேள்வி கேட்பது தற்காப்பு. குப்பியை மாற்றுவது தனிக் குற்றம், மாற்றியவரோடு மாற்றச் சொன்னவரும் உள்ளே போவார்.

இவ்வளவு வாதம் இருக்கிறதே, பிறகு ஏன் டிடி கேஸ் எனப்படும் இந்தக் குடித்து ஓட்டும் வழக்குகளில் முக்கால்வாசி பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது? மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வெளியே ஒரு காலை நின்று பாருங்கள். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள், டெலிவரி டீ-சர்ட்டோடு வந்தவர்கள், ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு எட்டி எட்டிப் பார்ப்பவர்கள். பெயர் கூப்பிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்க ஓடுவார்கள். வழக்கை நடத்தினால் ஐந்தாறு வாய்தா, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சம்பளம், வக்கீல் ஃபீஸ் வேறு. ஃபைனைக் கட்டுவது மலிவு. நானே பலரிடம் கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். 160 வந்தவரிடம் வேறென்ன சொல்வது?

ஆனால் அந்த "ஒப்புக்கொள்கிறேன்" பத்தாயிரத்தோடு முடிவதில்லை என்பதையும் அப்போதே சொல்லியாக வேண்டும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய், அல்லது இரண்டும். சென்னையில் பெரும்பாலும் ஃபைனோடு விடுவார்கள் என்றாலும் ஹைதராபாத்தில் சில நாள் சிறைக்கு அனுப்புவது வாடிக்கை. இரண்டாம் முறை மாட்டினால் இரண்டாண்டு வரை சிறை, பதினைந்தாயிரம். முன்பு மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாம் முறை என்று கணக்கு. 2019 திருத்தத்தில் அந்த மூன்று ஆண்டு காணாமல் போயிற்று. இன்று ஒப்புக்கொண்டது பத்தாண்டு கழித்தும் கணக்கில் நிற்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அப்பீலும் கிடையாது, தண்டனையின் அளவையோ அது சட்டப்படியானதா என்பதையோ பற்றி மட்டும் மேலே கேட்கலாம்.

லைசென்ஸ் தனி வழியில் போகும். 2019க்குப் பிறகு போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பியாக வேண்டும். அதன் வேலை அதோடு முடிந்தது. ரத்து செய்வதும் இடைநிறுத்துவதும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரியின் வேலை, போலீஸுடையது அல்ல என்று 2022இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 19ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. உத்தரவு போடும் முன் நம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், உத்தரவு வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஓட்டுநர் வேலையில் இருப்பவருக்குப் பத்தாயிரத்தைவிட லைசென்ஸ் இல்லாமல் போகும் மூன்று மாதம்தான் பெரிய அடி. அந்த நோட்டீஸைப் பிரித்துப் படிக்காமல் டிவி மேல் வைத்துவிட்டு, உத்தரவு வந்த பிறகு வந்து நிற்பவர்கள் ஏராளம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமை. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி எரிந்தது. ஓட்டியவருக்கு மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. மருத்துவர் மது வாடை என்று எழுதியிருந்தார். கர்யானி வழக்கின்படி பார்த்தால் குற்றவியல் வழக்கு நிற்பது கடினம். ஆனால் காருக்கான இழப்பீட்டைத் தர மறுத்த இஃப்கோ டோக்கியோ நிறுவனத்தின் பக்கம்தான் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நின்றது. பாலிசியில் இருப்பது "போதையின் தாக்கத்தில்" என்ற சொல், 30 என்ற எண் அல்ல. நடுராத்திரி காலிச் சாலையில் கார் கட்டுப்பாடு இழந்ததும் வாடையும் சேர்ந்து அதைக் காட்டிவிடும் என்றது தீர்ப்பு. குற்றவியல் கோர்ட்டில் எண் இல்லாமல் தப்பியவர், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எண் இல்லாமலேயே தோற்கலாம். மோதப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு பொதுவாகக் கிடைத்துவிடும், ஆனால் கம்பெனி அதைப் பிறகு வண்டி உரிமையாளரிடமே வசூலிக்க வரும்.

சாலையில் நடக்கும் இரண்டு தவறுகளையும் இங்கே தொட்டுவிடலாம். 185 சமரசத்துக்கு உரிய, அதாவது அங்கேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமல்ல, 200ஆவது பிரிவின் பட்டியலில் அது இல்லை. எனவே தடுப்பு அருகே பணமாகக் கேட்டால் அது ஃபைன் அல்ல, அதற்கு ஊரில் வேறு பெயர். அடுத்தது வண்டி. குடித்து ஓட்டினார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் இல்லை, கூட இருப்பவர் குடிக்காமல் லைசென்ஸோடு இருந்தால் அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் விரிவாகவே சொன்னது. வேறு மாநிலத் தீர்ப்பு நம் ஊரைக் கட்டுப்படுத்தாது என்றாலும் காரணம் அதே சட்டத்திலிருந்துதான் வருகிறது, காட்டிப் பேசலாம்.

கூட இருப்பவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து வருபவர் மேலும் வழக்கு என்று அறிவித்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. புதிதாக ஒன்றும் இல்லை, உடந்தைக்கும் அதே தண்டனை என்று 188ஆவது பிரிவு முன்பிருந்தே இருக்கிறது. ஆனால் உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது மட்டும் உடந்தை ஆகாது. சாவியை எடுத்துக் கொடுத்து "நீ ஓட்டு மச்சான்" என்றவர் நிலைமை வேறு, ஷேர் ஆட்டோவில் ஏறியவர் நிலைமை வேறு.

மற்ற விதிமீறல் சலான்களில் நிலைமை இன்னும் சுலபம், ஏனென்றால் அங்கே சண்டை பெரும்பாலும் ஒரு போட்டோவோடுதான். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று சேர்ந்தது. கேமரா வழி சலான் போட வேண்டுமானால் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், கருவி அளந்த அளவு, எந்தச் சட்டப் பிரிவு என்ற விவரம் எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். ஹெல்மெட் போடவில்லை என்று வந்த சலானில் படத்தைத் திறந்தால் கார் நிற்கும், அல்லது 8ஐ 3 என்று படித்த வேறு யாருடைய ஸ்கூட்டரோ இருக்கும். சலானைத் திறந்து படத்தைப் பார்க்காமலேயே கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வேகம் பற்றிய வழக்கில் 183(3) ஒரு நல்ல ஆயுதம். "என் பார்வைக்கு வேகமாகப் போனார்" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவி அளந்திருக்க வேண்டும். விற்ற பைக்குக்குச் சலான் வருவதுதான் எல்லாவற்றிலும் எரிச்சலானது. பெயர் மாற்றாதவரை பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருப்பது ஆறுதலுக்கு உதவும். விபத்து வழக்கு வந்தால் அதுவும் உதவாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண் 37 என்றார். கடைசி மடக்குக்கும் ஊதியதற்கும் இடையில் ஏழெட்டு நிமிடம்தான், மறுபடி ஊதக் கேட்டும் விடவில்லை, டாக்டரிடமும் அழைத்துப் போகவில்லை என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒரு வழக்கு வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்துப் படம் வந்தது. பஸ் டிக்கெட் மெஷினில் வருகிற அதே வெப்பத்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், அந்தச் சட்டையை மனைவி காலையில் அயர்ன் செய்திருக்கிறார். படத்தில் தெரிந்தது முழுக் கறுப்பாக ஒரு நீளத் துண்டு, ஓரத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் "மி.கி." மாதிரி எதுவோ ஒன்றும். கருவியின் நினைவில் நகல் இருக்கும், கேட்டு மனுப் போடுவோம் என்றேன். "அப்ப ஃபைன் கட்ட வேண்டாமா சார்?" என்றார். மனுவுக்குப் பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.